தூக்கக் கூடாத மூன்று நாள்

ஆறு மணிக்குத் தெருக்குழாயில் ஆற்றுத் தண்ணீர் விடுவார்கள். அதுவரை ஐம்பது நிமிடம் இருந்தது. அந்த ஐம்பது நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று கோகிலாமணிக்குத் தெரியவில்லை. மொட்டைமாடியில் பாயை விரித்து, குதிகால்களை ஒட்டவைத்து, கைகளை மேலே தூக்கிக் கோத்துக்கொண்டு நின்றாள். வேடிக்கைதான், இரண்டு வாரத்துக்கு முன்வரை இதே ஐம்பது நிமிடம் போதாமல் என்ன பாடுபட்டாள். ஈரோட்டில் ஜவுளிக்கடை வேலை, சேலைப் பிரிவு, காலை ஒன்பதுக்குப் போய் நின்றால் இரவு ஒன்பதுக்குத்தான் முட்டி மடங்கும், ஆக உடம்புக்கென்று கிடைப்பது விடிகாலையில் இந்தத் துண்டு நேரம்தான். இந்தத் துண்டுக்கு மூன்று பேர் பங்குக்கு வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை யோகா சொல்லித்தரும் ருக்மணி டீச்சர், "அவசரமே கூடாதுங்க, மூச்சு உள்ள போறது மூக்குக்கே தெரியக்கூடாது" என்றார். ஆஸ்பத்திரியில் எதைச் சாப்பிட வேண்டும் என்று சீட்டு எழுதித்தரும் அம்மா, "படி ஏறி இறங்குங்க, வேர்த்து நெஞ்சு படபடன்னு அடிக்கணும், இல்லீன்னா கொழுப்பு அசையாது" என்றாள். கடையில் பேன்ட் சட்டைப் பிரிவில் நிற்கும் குமரகுரு, மாலையானால் கண்ணாடி முன்னால் தன் புஜத்தைத் தானே பார்த்துக்கொள்கிறவன், "எடையைத் தூக்குங்கக்கா, தூக்குனா நீங்க தூங்கறப்பகூடக் கரைஞ்சுட்டே இருக்கும்" என்றான். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. அவள் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் பதினைந்து நிமிடம் படி, பதினைந்து நிமிடம் எடை, பதினைந்து நிமிடம் ஆசனம், மாறுவதற்கு ஐந்து என்று பங்கு பிரித்தாள். மூன்று மாடிக்கு ஐம்பத்து நான்கு படி. எடைக்கு, மணல் நிரப்பிய ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் கேன் இரண்டு. எண்ணெயைத் தின்று ஏறிய கொழுப்பை எண்ணெய் கேனைத் தூக்கியே இறக்குவது என்று நினைத்தபோது முதல் நாள் சிரிப்புகூட வந்தது. படி ஏறி வந்த படபடப்போடு ஒற்றைக்காலில் நின்றால் கால் நடுங்கும், ஒற்றைக்காலில் நிற்கும்போது இன்னும் பத்துத் தடவை கேனைத் தூக்கியிருக்கலாமே என்று இருக்கும், கேனைத் தூக்கும்போது மூச்சை விட்டோமா பிடித்தோமா என்று டீச்சர் முகம் வந்து நிற்கும். எதைச் செய்தாலும் மற்ற இரண்டைத் திருடுகிற மாதிரி இருந்தது. இப்போது படியும் கூடாது, கேனும் கூடாது, ஆசனம் மட்டும்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆக ஐம்பது நிமிடமும் டீச்சருக்கே. கைகளை இறக்கினாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

வலது காலை மடக்கி இடது தொடையில் வைத்தாள். ஒரே புள்ளியைப் பாருங்கள் என்பார் டீச்சர். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்தாள். தம்பி மகுடீஸ்வரனுக்கு முப்பத்தொன்பது வயது. ஈசு என்று கூப்பிடுவார்கள். ஈரல் சுருங்கிப்போய்விட்டது. பீர் பாட்டிலை மோந்துகூடப் பார்க்காதவன், எப்போதோ எந்த ஊசியிலோ தொற்றிய மஞ்சள் காமாலைக் கிருமி பதினைந்து வருடம் சத்தமில்லாமல் உள்ளே இருந்து தின்றிருக்கிறது. ஊர் நம்புமா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "நல்லாக் குடிச்சுப்போட்டு இப்ப அக்காகிட்ட வந்து நிக்கறான்" என்று கடையிலேயே ஒருத்தி சொன்னாள், அவளை அறைய வேண்டும் என்று கோகிலாமணிக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அன்று ராத்திரி படுத்திருக்கும்போது வேறொன்று தோன்றியது, குடித்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்குமே என்று. குடிகாரனுக்கு எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்ல இடம் இருந்திருக்கும். நல்லவனாக இருந்து கழுத்தை அறுக்கிறான். கால் சரிந்தது. ஊன்றிக்கொண்டு மறுபடி மடக்கினாள். அவன் மனைவி சுகந்தியின் ரத்தப் பிரிவு சேரவில்லை, குழந்தைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில், அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. சேர்ந்தது அக்காவின் ரத்தம்தான். அக்காவின் ஈரலில் பாதிக்கு மேல் அறுத்துத் தம்பிக்கு வைப்பார்கள், மிச்சம் மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும் என்றார்கள், முருங்கைக் கொம்பை ஒடித்து நட்ட மாதிரி சாதாரணமாகச் சொன்னார்கள். ஆனால் ஸ்கேனில் அவள் ஈரலில் கொழுப்பு இருபத்திரண்டு சதவீதம். பத்துக்குக் கீழே வந்தால்தான் அறுக்க முடியும். ஆறு வாரம் கொடுத்தார்கள். "அவருக்கும் அவ்வளவுதான் டைம் இருக்கு" என்றார் டாக்டர். எழுபத்தொரு கிலோ இருந்தாள். இட்லியை எண்ணித் தின்று, எண்ணெயைக் கண்ணால் மட்டும் பார்த்து, ஐந்தே வாரத்தில் அறுபத்து நான்குக்கு வந்தாள். கொழுப்பு ஒன்பது. ஸ்கேன் எடுத்தவர் நல்லாப் பண்ணியிருக்கீங்க என்று சொன்னபோது, ஒன்பதுதானா என்று மறுபடி கேட்டாள். சந்தோஷம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள்.

குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கினாள். பாம்பு. இதைச் செய்யும்போதெல்லாம் வலது விலாவுக்குக் கீழே வயிறு பாயில் அழுந்தும், அங்கேதான் இருக்கிறது என்று தெரியும். நாற்பத்து நான்கு வருடம் அது அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது. இப்போது கடையில் சேலையைப் பிரித்துக் காட்டும்போதும் தெரிகிறது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் தெரிகிறது. எங்கிருந்து எங்கே அறுப்பார்கள் என்று ஆஸ்பத்திரியின் ஒருங்கிணைப்பாளர் பெண் ஜெனிபர் தன் விரலால் தன் சுடிதார் மேலேயே கோடு போட்டுக் காட்டினாள், ப என்ற எழுத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு கோடு. எட்டுப் பத்து மணி நேரம். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்கக்கா, ஆயிரத்துல ரெண்டு மூணு பேருக்குத்தான்" என்றாள். ஆயிரத்தில் மூன்று பேர். ஆடித் தள்ளுபடி அன்று ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேர் கடைக்குள் வருவார்கள். அதில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தாள், பச்சைச் சுங்குடி ஒருத்தி, பேரனோடு ஒருத்தி, மூன்றாவது யார், மூன்றாவது யார் என்று தேடினால் கண்ணாடியில் அவளே நின்றாள். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், அவளுக்குத் தன் சதைதான் ஆடவில்லை, அது மாட்டேன் மாட்டேன் என்று கிடந்தது, ஆடியதெல்லாம் வாய்தான். அந்தப் பெரிய டாக்டர் ஒருநாள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். "அம்மா, யாராவது உங்களை வற்புறுத்தினாங்களா? இஷ்டமில்லைன்னா இப்பச் சொல்லுங்க. உங்க ஈரல் பொருந்தலைன்னு மட்டும் வெளிய சொல்லிருவோம். காரணம் யாருக்கும் தெரியாது." எவ்வளவு நல்ல மனிதர். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். இல்லைங்க, என் முழுச் சம்மதம் என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? வேண்டாம் என்று சொல்வதானால் அதை ஒரு வாயால் சொல்ல வேண்டும், ஒரு காதாவது கேட்கும். அந்த ஒரு காது போதும் அவளைத் தலைகுனிய வைக்க. கைகளை மடக்கித் தலையைப் பாயில் வைத்துக்கொண்டாள். மணி பார்த்தாள், ஐந்து இருபத்தெட்டு. பால்காரர் வண்டி தெருவில் போனது.

அடுத்து என்ன? பாயில் உட்கார்ந்து ஒரு மூக்கை அடைத்து இன்னொரு மூக்கால் இழுத்தாள். யாரும் சொல்லவில்லை. அதுதான் உண்மை, ரத்தப் பரிசோதனைக்கு முந்தின மூன்று நாள் எடை தூக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தூக்குவாளா? ஸ்கேன் நன்றாக வந்த வெறியில் அந்த மூன்று நாளும் படியையும் ஆசனத்தையும் ஒதுக்கிவைத்து, ஐம்பது நிமிடமும் கேனையே தூக்கினாள். இன்னும் கொஞ்சம் குறைந்தால் நல்லதுதானே என்று தூக்கினாள். தோள் தீயாக எரிந்தது, மூன்றாம் நாள் தலைமுடி பின்னக் கை எழும்பவில்லை. ரத்தத்தைப் பார்த்தால் ஈரல் எண்கள் இரண்டும் மூன்று மடங்கு. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், என்ன பண்ணினீங்க என்று. சொன்னாள். "எடை தூக்கினா சதை உள்ள லேசாக் கிழியும்மா. அதுலருந்து வர்றது ரத்தத்துல கலந்து ஈரலே கெட்ட மாதிரி காட்டும். இது சதையா ஈரலான்னு தெரியாம நான் கத்தி வைக்க முடியாது. ரெண்டு வாரம் போகணும்." அப்புறம் ஜெனிபரைக் கூப்பிட்டார். இல்லை, அதற்கு முன்னால், "உங்ககிட்ட யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். கோகிலாமணி இல்லைங்க என்றாள். சொல்லியிருந்தால்தானே. ஒருவேளை அந்தப் பெண் சொல்லியிருக்கலாம், அன்று ரத்தம் எடுக்கும் இடத்துக்கு வெளியே ஒரே கூட்டம், டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், சத்தத்தில் காதில் விழுந்திருக்காது. இடது மூக்கை அடைத்து வலது மூக்கால் விட்டாள். விழுந்திருக்காது என்பதுகூட இல்லை, ஏதோ விழுந்தது, வெறும் வயிறாக வர வேண்டும் என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது, மாத்திரை எதுவும் போடக் கூடாது என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்து ஒன்று சொன்னாள். விரலை மடக்கி மடக்கிச் சொல்கிற பழக்கம் அவளுக்கு. ஒன்று, இரண்டு. மூன்றாவது விரல் மடங்கியதா? மடங்கியது என்றால் அதில் ஏதோ இருந்திருக்கும். டாக்டர் எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணைத் திட்டினார், "ஒரு உயிர் விஷயம், இதைக்கூடச் சொல்ல மாட்டியா?" என்று. ஜெனிபர் கோகிலாமணியை ஒரு தடவை பார்த்தாள், அப்புறம் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தாள். கோகிலாமணியின் வீட்டுக்காரர் சென்னியப்பன் சுவரோரமாகத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரி ஆபீஸில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவர், நாளுக்கு நூறு வார்த்தை பேசிவிட்டு வருவதால் வீட்டில் பேச மிச்சமில்லை என்று அவள் கேலி செய்வதுண்டு. அன்றும் அவர் ஒன்றும் பேசவில்லை.

மூச்சு கணக்குத் தப்பிவிட்டது. எத்தனை சுற்று, ஏழா ஒன்பதா? டீச்சரானால் தப்பியதை விட்டுவிட்டு முதலில் இருந்து தொடங்குங்க என்பார். இரண்டு வாரத்தை எங்கே போய் முதலில் இருந்து தொடங்குவது? இந்த இரண்டு வாரத்தில் ஈசுவின் வயிற்றில் தண்ணீர் சேர்ந்தது, ஒன்பதாம் நாள் அந்தத் தண்ணீரில் கிருமி தொற்றிவிட்டது என்றார்கள், காய்ச்சல் ஏறி இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறது. முந்தாநாள் போனில் பேசினான், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சாப்பிட்டயாக்கா?" என்றான். அவன் எப்போதும் அதைத்தான் கேட்பான். "ரொம்ப எளைச்சுப்போயிட்டயாம்ல, சுகந்தி சொன்னா. எனக்கு வேண்டி உடம்பக் கெடுத்துக்காத." அவள் அழுதாள். அழுதது உண்மைதான், யாரும் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில் மாதம் ஒரு தடவை கொடுமுடியிலிருந்து சைக்கிளிலேயே வந்துவிடுவான், இருபத்தைந்து மைல், வந்ததும் தின்பண்டம் கேட்க மாட்டான், உனக்கு இங்க எல்லாம் சரியா இருக்குதாக்கா என்றுதான் கேட்பான். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. அவன்மேல் அவளுக்கு உயிர். அதில் சந்தேகமே கிடையாது. உயிர்தான், ஆனால் ஈரல் என்று வந்தபோது... மல்லாந்து படுத்தாள். சவாசனம். கால்களை அகட்டி, உள்ளங்கைகளை வானம் பார்க்க வைத்து, கண்ணை மூடி, கால் கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தளர விடுங்கள், பாதம் தளர்கிறது, முழங்கால் தளர்கிறது, ஆறு வாரமும் இதற்கு நேரமில்லாமல் கடைசி ஒரு நிமிடத்தில் படுத்து எழுந்து ஓடியிருக்கிறாள். இன்று நேரம் இருந்தது. இன்று ஒன்பது மணிக்கு மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். காய்ச்சல் இறங்கினால், எண்கள் இறங்கினால், நாளை மறுநாளே ஆபரேஷன். தொடை தளர்கிறது, இடுப்பு தளர்கிறது. வயிறு தளரவில்லை. வலது விலாவுக்குக் கீழே மட்டும் ஒரு கை அளவுக்கு இறுகிக் கிடந்தது. அதை விடு விடு என்று சொல்லிக்கொண்டே படுத்திருந்தபோது ஜெனிபரின் மூன்றாவது விரல் மடங்கியது. "மூணு நாளைக்கு எடை எதுவும் தூக்காதீங்கக்கா, எண் ஏறிக் காட்டும், அப்புறம் எல்லாம் தள்ளிப்போயிரும்." டோக்கன் சத்தம் எதுவும் இல்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரம், வராந்தாவே காலியாகக் கிடந்தது. கோகிலாமணி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி கண்ணு" என்று சொன்னாள். சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் ஐந்து பத்துக்கு மேலே வந்தாள், இரண்டு கேனையும் எடுத்தாள். எண் ஏறிக் காட்டும். தூக்கத் தூக்க அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பொருந்தவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், இவள் வாயால் எதுவும் சொல்ல வேண்டாம். தோள் எரிந்தபோது நிம்மதியாக இருந்தது. கண்ணைத் திறந்தாள். வானம் வெளுத்துவிட்டது. எழுந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சென்னியப்பன் மாடிக்கு வருகிறவர் இல்லை. அவர் தலை தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, கையில் போனோடு, பாய்க்கு இரண்டடி தள்ளி நின்றார்.

"சுகந்தி பேசுச்சு" என்றார். "ராத்திரி மூச்சுத் திணறி மிஷின்ல வச்சுட்டாங்களாம். கிட்னி ரெண்டும் நின்னுபோச்சுன்னாங்களாம்."

"காய்ச்சல் எறங்கலியா?"

"அதெல்லாம் தாண்டிப்போச்சு கோகிலா. இனி ஆபரேஷன் தாங்காதுன்னு டாக்டரே சொல்லிப்போட்டாராம்." போனைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உன்ன இன்னைக்கு வர வேண்டாம்னாங்க. டெஸ்டுக்கு வர வேண்டாம்னு. பாக்கறதுன்னா சீக்கிரம் வரச் சொன்னாங்க."

உடனே அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தப்பித்துவிட்டாய் என்று உள்ளே ஒன்று சொன்னது, பளிச்சென்று, வெட்கமே இல்லாமல். அதற்குப் பின்னால்தான் ஈசுவின் மஞ்சள் முகம் வந்தது, இரண்டு குழந்தைகள் வந்தன, இரண்டு வாரம் வந்தது. இரண்டு வாரம் முன்னால் என்றால் அவன் தாங்கியிருப்பான். இதை ஒருத்தரும் அவளிடம் சொல்லப் போவதில்லை. பாவம், பட்டினி கிடந்து உடம்பை வருத்தினாளே, அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றுதான் ஊர் சொல்லும், இழவு வீட்டில் அவளுக்குத்தான் முதலில் காப்பி கொடுப்பார்கள். அந்தக் காப்பியை நினைத்தபோது அவளுக்குத் தாங்க முடியவில்லை.

"அந்தப் புள்ள சொன்னாளுங்க" என்றாள்.

"எந்தப் புள்ள?"

"ஜெனிபரு. மூணு நாளைக்குத் தூக்கக் கூடாதுன்னு சொன்னா. சரின்னு சொல்லிப்போட்டு வந்துதான் தூக்குனேன்."

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போடப் போனார். சட்டை போட்டிருக்கவில்லை, கை வெறும் மார்பில் பட்டு நின்றது. திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் தன்னை அடித்தால்கூட நல்லது என்று இருந்தது. அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ள சொன்னப்ப நானும் பக்கத்துலதான நின்னேன்" என்றார். "எனக்கும் நல்லாக் காதுல உளுந்துச்சு."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கேனை வச்சு எடுக்கற சத்தம் மூணு நாளும் கீழ படுக்கைக்குக் கேட்டுச்சு கோகிலா. ரெண்டாம் நாளு எந்திரிச்சுப் பாதிப் படி வரைக்கும் வந்தேன். அப்புறம் போய்ப் படுத்துக்கிட்டேன்."